கட்டணம் கட்டினால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



"இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் காலேஜில் வேலை பார்த்தாயே, அதைப் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். தலைப்பு கொடுக்கவில்லை. ஆனால் "இருபது நிமிஷம்தான், அதற்குப் பிறகு சாப்பாடு" என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அமெரிக்கா என்றால் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தது அது இல்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில், ராணுவ முகாம்கள் நிறைந்த சான் அன்டோனியோ நகரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு கம்யூனிட்டி காலேஜில் கிராண்ட் ஆபீஸில் இருந்தேன். கிராண்ட் ஆபீஸ் என்றால் மானியம் கேட்டு மனு எழுதுகிற இடம். நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் மனு எழுதிக் கொடுப்பாரே, அதே உத்தியோகம்தான். எனக்கு மரத்துக்குப் பதில் ஏ.சி. ரூம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எழுதிய மனுக்களில் பாதிக்கு மேல் ஒரே வகை மாணவர்களுக்காக. பட்டாளத்திலிருந்து விலகி வந்து கல்லூரியில் சேருகிற முன்னாள் ராணுவத்தினர். அங்கே அவர்களை வெட்டரன்ஸ் என்பார்கள். அவர்களைப் படிக்க வைக்க அந்த நாடு எப்படிப் பணம் ஒதுக்குகிறது, அந்தப் பணம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நம் கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் இது. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுகிற மண். சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். முதல் உலகப் போரில் சண்டை போட்டு வந்தவர்களுக்கு போனஸ் தருவதாக 1924-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஆனால் பணம் முழுசாகக் கைக்கு வருவது 1945-ல் என்று எழுதி வைத்துவிட்டார்கள். நடுவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலை இல்லை, சாப்பாடு இல்லை. "1945-ல் வரும் போனஸை வைத்து இன்றைக்கு என்ன செய்வது?" என்று 1932-ல் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ராணுவத்தை வைத்தே அந்த முன்னாள் ராணுவத்தினரைக் கண்ணீர்ப்புகை போட்டு விரட்டினார்கள். அந்த அவமானம் அந்த நாட்டின் மனசில் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, "இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது" என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1944 ஜூன் 22-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அதைத்தான் ஜி.ஐ. பில் என்கிறார்கள். படிக்க விரும்பும் வீரருக்குக் கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு 500 டாலர் வரை அரசு கட்டும். கைச்செலவுக்கு, கல்யாணம் ஆகாதவர் என்றால், மாதம் 50 டாலர். அன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே 500 டாலர் போதுமானதாக இருந்தது.

எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்ற பெரிய கல்வியாளர்களே எதிர்த்தார்கள். படிப்பில் நாட்டமில்லாதவர்கள் எல்லாம் பணத்துக்காக வந்து கல்லூரிகளை நிரப்பிவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். நடந்தது வேறு. 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 49 சதவீதம் முன்னாள் வீரர்கள். ராணுவம் விட்டுப்போன தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது, குடும்பம் நடந்தது. 1956-ல் அந்தத் திட்டம் முடியும்போது 78 லட்சம் பேர் படிப்போ பயிற்சியோ பெற்றிருந்தார்கள். அதில் கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம். நன்றாகப் படிக்கவும் செய்தார்கள்.

இது வெற்றிக் கதை. ஆனால் இதற்குள்ளேயே இன்னொரு கதை இருக்கிறது. சட்டம் எல்லா வீரருக்கும் ஒன்றுதான். ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று இருந்த கல்லூரிகளில் இடமில்லை. கட்டணத்துக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் கையில் இருக்கிறது, கல்லூரிக் கதவு சாத்தியிருக்கிறது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். கட்டணத்துக்குப் பணம் இருப்பது ஒன்று, படித்து முடிப்பது வேறொன்று. என் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வியட்நாம் போருக்கு வருவோம். 1966-ல் புதிய சட்டம் வந்தது. இப்போது மாதம் 100 டாலர். கட்டணம், புத்தகம், வீட்டு வாடகை எல்லாம் அதிலிருந்தே. முன்பு போல் ஊரே மேளம் கொட்டி வரவேற்கவும் இல்லை. கல்லூரி வளாகங்களில் போர் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. 1947-ல் வகுப்பில் பாதிப் பேர் வீரர்கள் என்றால், பக்கத்து பெஞ்சுக்காரனே துணை. வியட்நாமிலிருந்து வந்தவனோ தனியாக வந்தான், தனியாக உட்கார்ந்தான், பல சமயம் தனியாகவே எழுந்து போனான்.

அப்போதுதான் ஒரு முக்கியமான மாறுதல். 1972-ல் வந்த கல்விச் சட்டத் திருத்தத்தில், மாணவனுக்கு மட்டுமல்லாமல் கல்லூரிக்கும் மானியம் கொடுக்க வழி செய்தார்கள். நிபந்தனை என்ன? வீரர்களின் சேர்க்கையை அதிகப்படுத்த வேண்டும். அவர்களுக்கென்று முழுநேர ஆபீஸ் ஒன்று நடத்த வேண்டும். அதே 1972-ல் வெட்டரன்ஸ் அப்வர்ட் பவுண்ட் என்ற திட்டமும் வந்தது. கல்லூரியில் சேரும் முன்பே கணக்கு, எழுத்துப் பயிற்சி எல்லாம் மறுபடி சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடு. பட்டாளத்தில் பல வருஷம் கழித்தவனுக்குப் பின்னமும் தசமமும் மறந்துபோயிருக்கும், பாருங்க.

ஆனால் மானியத்துக்கு ஒரு குணம் உண்டு. வரும்போது மேளத்தோடு வரும், போகும்போது சொல்லாமல் போகும். கல்லூரிகளுக்கு ஆபீஸ் வைக்கக் கொடுத்த அந்த 1972-ம் வருஷ மானியம் நாளுக்கு நாள் சுருங்கி, 1990-களில் திட்டமே நின்றுபோனது. பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தபோது, பல இடங்களில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

2008-ல் புதிய ஜி.ஐ. பில் சட்டமானது. 2009 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. தாராளமான சட்டம், மறுக்க முடியாது. முழுத் தகுதி உள்ளவருக்கு அந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுவதும், வருஷத்துக்கு 1,000 டாலர் வரை புத்தகச் செலவு, கல்லூரி இருக்கும் ஊரின் வாடகைக்கு ஏற்ற வீட்டுப்படி. மொத்தம் 36 மாதத்துக்கு. டெக்ஸாஸில் இதற்கு மேல் ஹேசல்வுட் சட்டம் என்று ஒன்று. தகுதியுள்ள முன்னாள் வீரருக்கு 150 கிரெடிட் மணி நேரம் வரை அரசுக் கல்லூரிகளில் கட்டணமில்லை. 2009-லிருந்து அந்தச் சலுகையைப் பிள்ளைக்கும் மாற்றித் தரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டண இழப்பில் பெரும்பகுதி விழுவது கல்லூரியின் தலையில். சலுகை கொடுத்தது சட்டசபை, பில் வந்தது எங்கள் கணக்குப் பிரிவுக்கு.

சரி, கட்டணம் கட்டியாகிவிட்டது. இனி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, வீட்டுப்படி. பாடம் நடக்கும் நாட்களுக்குத்தான் அது வரும். இரண்டு செமஸ்டருக்கு நடுவில் உள்ள விடுமுறை நாட்களுக்கும் முன்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் மாதம் பாதிப் படிதான் வரும். வீட்டுக்காரர் பாதி வாடகை வாங்கிக்கொள்வாரா? அதோடு பாதி நேரத்துக்கு மேல் படித்தால்தான் வீட்டுப்படியே உண்டு. ஒரு பாடத்தை நடுவில் விட்டால், படி குறையும், சில சமயம் நின்றே போகும். கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டவும் சொல்வார்கள்.

இரண்டு, காகிதம். இந்த மாணவர் இத்தனை பாடம் படிக்கிறார் என்று கல்லூரியில் ஒருவர் அரசுக்குச் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பத் தாமதமானால் பணமும் தாமதம். ஒரு குமாஸ்தா நூற்றுக்கணக்கான பேருக்கு இதைச் செய்வார். இந்த வேலைக்காக அரசு கல்லூரிக்குக் கொடுப்பது, 2017-ம் வருஷச் சட்டப்படி, ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு 16 டாலர். ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் சரியாகப் போய்ச் சேரப் பாடுபடுகிற கைக்குக் கூலி 16 டாலர்!

மூன்று, வயது. முன்னாள் வீரர் 18 வயதில் வருவதில்லை. 25, 30 வயதில் வருவார். பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவராகவே இருப்பார். பட்டாளத்தில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது, மேலே ஒருவர் இருப்பார். கல்லூரியில் ஏழு கவுண்டர். ஒவ்வொருவரும் "அது அடுத்த கவுண்டர் சார்" என்பார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008-ம் வருஷ உயர்கல்விச் சட்டத்தில் ஒரு மானியத்துக்கு இடம் வைத்தார்கள். முன்னாள் ராணுவ மாணவர் வெற்றிக்கான மையம் என்று தமிழில் சொல்லலாம். முதல் தவணையாக 2010-ல் 15 கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். தனியாரும் வந்தார்கள். 2009-ல் அமெரிக்கக் கல்வி மன்றமும் வால்மார்ட் அறக்கட்டளையும் சேர்ந்து 20 கல்வி நிறுவனங்களுக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். முன்னாள் வீரர் நலத்துறையே தன் ஆலோசகர் ஒருவரைக் கல்லூரிக்குள் உட்கார வைக்கும் திட்டத்தையும் அதே 2009-ல் தொடங்கியது.

இங்கே மாணவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஜி.ஐ. பில் உரிமை. தகுதி இருந்தால் பணம் வந்தே தீரும். கல்லூரி மானியம் அப்படி இல்லை. காங்கிரஸ் வருஷா வருஷம் ஒதுக்கினால்தான் உண்டு. சட்டத்தில் பெயர் இருந்தும் ஒரு காசு ஒதுக்காத வருஷங்களும் இருந்தன. ஒதுக்கினாலும் போட்டி. அறிவிப்பு வந்து ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். வெளியிலிருந்து வரும் நடுவர்கள் மார்க் போடுவார்கள். நம்ம பரீட்சை மாதிரியேதான், அரை மார்க்கில் போனவர்களும் உண்டு.

அந்தச் சட்டம் கல்லூரியிடம் கேட்டதை நான் பல தடவை படித்திருக்கிறேன். பெரிய கட்டடம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே இடம். அட்மிஷன், ஃபீஸ், பாட ஆலோசனை, மருத்துவம், மனநல ஆலோசனை, வேலைவாய்ப்பு என்று எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்கள் சேர்ந்த ஒரு குழு. இதையே முதல் பொறுப்பாகக் கொண்ட ஒரு ஒருங்கிணைப்பாளர். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு. கடைசியாக, மூன்று வருஷ மானியம் முடிந்த பிறகு இதையெல்லாம் எப்படித் தொடர்வீர்கள் என்ற திட்டம்.

எங்கள் கல்லூரிக்கும் ஒரு சமயம் இந்த மாதிரி மூன்று வருஷ மானியம் கிடைத்தது. ஒரு ஒருங்கிணைப்பாளர், அரை நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு டியூட்டர், ஒரு அறை, ஒரு காபி மெஷின். ஒருங்கிணைப்பாளராக வந்த அம்மா கடற்படையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் அவருக்கு சல்யூட் அடிக்காத குறைதான்.

முதல் வருஷத்தில் ஒரு மாணவர். ராணுவத்தில் ஆறு வருஷம் லாரி ஓட்டியவர். வயது 28, மனைவி, ஒரு பெண் குழந்தை. மூன்றாவது வாரத்திலிருந்து கணக்கு வகுப்பில் ஆளைக் காணோம். ஆனால் தினமும் காலேஜுக்கு வருகிறார். எங்கே? பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விடுகிறார். வீட்டில் சொல்ல வெட்கம். வகுப்பில் 18 வயதுப் பிள்ளைகள் நடுவில் பின்னம் தெரியாமல் முழிக்கவும் வெட்கம். அந்தப் பாடத்தை விட்டால் பாதி நேரத்துக்குக் கீழே போய் வீட்டுப்படி நின்றுவிடும். விடாமல் இருந்தால் ஃபெயில். இரண்டு பக்கமும் சுவர்.

அந்த அம்மா இரண்டு கப் காபியோடு போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார். அவ்வளவுதான். பிறகு நடந்தது எல்லாம் ஆபீஸ் வேலை. செமஸ்டர் பாதியில் தொடங்கும் எட்டு வாரக் கணக்கு வகுப்பு ஒன்று இருந்தது, அதற்கு மாற்றினார். சான்று அனுப்பும் குமாஸ்தாவிடம் தானே நடந்து போய்ப் பேசி, வீட்டுப்படி அறுபடாமல் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் டியூட்டரிடம் உட்கார வைத்தார். அந்த மாணவர் கணக்கில் சி கிரேடு வாங்கினார். அந்த அம்மா அந்த சி கிரேடைத் தங்க மெடல் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு அவர் படிப்பை முடித்து, இன்று ஒரு நகரசபையின் குடிநீர் விநியோகப் பிரிவில் வேலை பார்க்கிறார்.

அவருக்கு அரசாங்கம் முழுக் கட்டணம் கட்டியிருந்தது. புத்தகத்துக்கும் கொடுத்திருந்தது. அந்தப் பணமெல்லாம் வீணாகாமல் காப்பாற்றியது காருக்கு வெளியே வந்து நின்ற ஒரு ஆள். நான் எழுதிய மனுவில் அதற்கு "பணியாளர் சம்பளம்" என்று தலைப்பு. பட்ஜெட் குறைக்கச் சொன்னால் முதலில் எல்லோர் பேனாவும் போகிற இடமும் அதுதான்.

மூன்றாவது வருஷம் வந்தது. மானியம் முடியப் போகிறது. மனுவில் "கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தொடரும்" என்று எழுதியிருந்தோம். எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் எழுதும். எழுதுவதற்குச் செலவில்லையே! பட்ஜெட் கூட்டத்தில் நிதி அதிகாரி, "நல்ல வேலைதான், ஆனால் பணம் எங்கே?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வேலை அது.

அந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். மூன்று வருஷமாக யார் வந்தார்கள், என்ன பிரச்சினை, என்ன செய்தோம், அவர் அடுத்த செமஸ்டர் சேர்ந்தாரா என்று பெயர் இல்லாமல் வெறும் எண் போட்டு எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்த நிதி அதிகாரி தானே கால்குலேட்டரை எடுத்தார். ஒரு மாணவர் நின்றுவிட்டால் அவர் கூடவே அடுத்த செமஸ்டர் கட்டணமும் போய்விடுகிறது. அவரைத் தக்க வைத்தால் கல்லூரிக்கு வருமானம். அந்தக் கணக்கில் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் நியாயமாகப் பட்டது. அவர் பதவியைக் கல்லூரி நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. டியூட்டர் பதவி போனது. அதற்குக் கணக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. காபி மெஷினைப் பழைய வீரர் மாணவர்கள் காசு போட்டு ஓட்டினார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே ஒரு ஆள் நிற்கிறார், கதவு திறந்திருக்கிறது.

சரி, இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன்.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். பதினேழரை வயது முதல் 21 வயது வரை சேரலாம் என்பது அன்றைய அறிவிப்பு. நாலு வருஷம் சேவை. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. அதோடு நாலைக் கூட்டிக்கோங்க.

அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பேச நான் வரவில்லை. அதற்கு டீக்கடை இருக்கிறது. என் கேள்வி சின்னது. நம்ம மாவட்டத்துப் பையன் 22, 23 வயதில் ஊருக்குத் திரும்புகிறான். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வேலையிலிருந்துகொண்டே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது, பயிற்சிக்கே பாதி கிரெடிட் உண்டு. சிலர் அதை முடித்திருப்பார்கள், சிலர் பாதியில் விட்டிருப்பார்கள், சிலர் தொட்டிருக்கவே மாட்டார்கள். அவன் நம் கல்லூரி ஆபீஸ் கவுண்டருக்கு வந்து, "சார், நான் பிளஸ் டூ முடித்து அஞ்சு வருஷம் ஆச்சு. இங்கே சேர முடியுமா? அந்த கிரெடிட் செல்லுமா? எந்தச் சர்டிபிகேட் வேணும்?" என்று கேட்டால், பதில் சொல்லப் போவது யார்? "அது அடுத்த கவுண்டர்" என்போமா?

நாளைக் காலைப் பொதுக்குழுவில் சங்கத்தின் நிதியை எதற்குச் செலவழிப்பது என்று ஒரு பொருள் இருக்கிறது. நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை. வளைவு அழகாக இருக்கும். நம் பெயர் கல்லில் இருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் என் யோசனையையும் வையுங்கள்.

ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதில் முழுநேரம் ஒரு ஆள். பட்டாளத்திலிருந்து வருகிறவர்கள், வேலைக்குப் போய்விட்டுத் திரும்பப் படிக்க வருகிறவர்கள், வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள், இவர்களுக்காக. ஓய்வு பெற்ற ஜே.சி.ஓ. ஒருவரே நம் பழைய மாணவர்களில் கிடைப்பார். முதல் வருஷம் சம்பளம் முழுவதும் சங்கம் கொடுக்கட்டும். இரண்டாம் வருஷம் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றாம் வருஷம் ஒரு பங்கு. நாலாம் வருஷத்திலிருந்து கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று நிர்வாகம் முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதித் தரட்டும். மானியம் முடிகிற அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தால் தாமதம். தொடங்குகிற அன்றைக்கே முடிவையும் பேசிவிட வேண்டும். அந்த ஆள் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகமும் போட வேண்டும். கணக்கு இல்லாத நல்ல காரியம் பட்ஜெட் கூட்டத்தில் நிற்காது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும், குறிப்பாக என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முன்னாள் வீரர் மாணவர்கள் தாங்களே கல்லூரிக்குக் கல்லூரி சங்கம் வைத்து, 2008-ல் அவற்றைத் தேசிய அளவில் ஒன்று சேர்த்தார்கள். அரசாங்கத்துக்கும் காத்திருக்கவில்லை, எங்களை மாதிரி மனு எழுதுகிறவர்களுக்கும் காத்திருக்கவில்லை. உங்கள் வகுப்பில் உங்களைவிட நாலைந்து வயது பெரியவர் ஒருவர் பின் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவரை "அங்கிள்" என்று கேலி செய்யாதீர்கள். "அண்ணா, நோட்ஸ் வேணுமா?" என்று கேளுங்கள். அதற்கு எந்த மானியமும் தேவையில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டு வாசனையும் வருகிறது. பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய நான் தயார். என் பங்காக முதல் வருஷத்தில் மூன்று மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறேன். மீதி ஒன்பது மாதத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பந்தல் ஓரத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன், வந்து பெயர் கொடுங்கள்.